அனுமதிப் பட்டியலின் ஆறாவது படம்

லேப்டாப்பை மூடி வைத்துவிடுகிறேன். உங்கள் முட்டியில் இடிக்கிறது பாருங்கள். அவசர வேலை ஒன்றும் இல்லை. காந்திபுரத்தில் ஏறியதும் திறந்தேன், கோவில்பாளையம் தாண்டியாயிற்று, ஒரே வரியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீங்களும் கவனித்திருப்பீர்கள். அதனால்தானே கேட்டீர்கள், என்ன வேலை என்று.

கையேடு எழுதுகிறவன். மிக்சி வாங்கினால் பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் இருக்குமே, யாரும் படிக்காமல் அட்டைப்பெட்டியோடு பரணில் போட்டுவிடுவார்களே, அது. பன்னிரண்டு வருடம் பம்புசெட்டுக்கு எழுதினேன். பிறகு கிரைண்டருக்கு. இப்போது சாஃப்ட்வேர் கம்பெனி. எனக்கு ஐம்பத்து நாலு. எங்கள் தளத்தில் எனக்கு அடுத்த வயதுக்காரருக்கு நாற்பத்தொன்று.

சத்தியமங்கலம்தானே நீங்களும்? அப்படியானால் இன்னும் ஒன்றே கால் மணி நேரம் இருக்கிறது. சொல்லலாமா? சொன்னால் தப்பில்லையே? உங்களை நான் மறுபடி பார்க்கப் போவதில்லை. அதனால்தான் சொல்ல முடிகிறது. அதுவும் ஒரு கோழைத்தனம்தான், தெரியும்.

விஷயம் இவ்வளவுதான். என்னால் ஒரு வீட்டில் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி தன் அம்மாவோடு பேசுவதை நிறுத்தி இன்றோடு பதினெட்டு நாள்.

இருங்கள், முறையாகச் சொல்கிறேன்.

ஏஜென்ட் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். வீடு பார்த்துக் கொடுக்கிற ஏஜென்ட் இல்லை. கம்ப்யூட்டருக்குள் இருக்கிற ஏஜென்ட். உங்களுக்கு வருகிற மெயிலை அதுவே படிக்கும், பதில் போடும், டாக்டரிடம் நேரம் வாங்கும், லீவுக்கு எழுதிப் போடும். நீங்கள் அனுமதி கொடுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆளாளுக்கு நாலு, ஐந்து வைத்திருக்கிறார்கள். எதற்கு என்ன அனுமதி கொடுத்தோம் என்று அவர்களுக்கே மறந்துவிடுகிறது. அதனால் எங்கள் கம்பெனியில் ஒரு கருவி செய்தார்கள். பெயரைத் தட்டினால், அந்த ஆள் எந்த ஏஜென்டுக்கு எதையெல்லாம் அனுமதித்திருக்கிறார் என்று வரிசையாகக் காட்டும். அனுமதிப் பட்டியல் என்று பெயர். வெளியே விற்பதற்கு முன்னால் எங்கள் ஆபீசிலேயே ஓடவிட்டார்கள். கையேடு எழுத வேண்டும் என்பதற்காக எனக்கு நிர்வாகி கணக்கு கொடுத்தார்கள். நிர்வாகி கணக்கென்றால் எல்லாருடைய பட்டியலும் தெரியும். நூற்று நாற்பது பேர்.

மெயில் தெரியாது. அதைச் சொல்லிவிடுகிறேன். யாருடைய மெயிலையும் நான் படிக்கவில்லை. அனுமதி மட்டும்தான் தெரியும். ஆனால் ஒருவர் எதை அனுமதித்திருக்கிறார் என்று பார்த்தாலே வீட்டுக்குள் நுழைந்த மாதிரிதான். எங்கள் மேனேஜர் ஹரிஹரனுக்கு ஒரு ஏஜென்ட் இருக்கிறது. அவர் மனைவி கோபமாக மெயில் போட்டால் பூங்கொத்துக்கு ஆர்டர் கொடுக்க அதற்கு அனுமதி. அக்கவுண்ட்ஸ் வசுமதிக்கு தினமும் ராசிபலன் பார்த்து, சந்திராஷ்டமம் என்றால் மீட்டிங்கைத் தள்ளிப்போட அனுமதி. சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். ஒரு வாரம் சிரித்துக்கொண்டிருந்தேன்.

எழுதுவதற்குப் பார்க்கத்தானே வேண்டும்.

கையேட்டுக்குப் படம் வேண்டும். திரை எப்படி இருக்கும் என்று அப்படியே எடுத்துப் போடுகிற படம். இதில் ஒரு விதி இருக்கிறது. நிஜ ஆள் பெயர் படத்தில் வரக்கூடாது. பொய்க்கணக்கு ஒன்று வைத்துக்கொண்டு அதைத்தான் எடுக்க வேண்டும். பதினோரு வருடத்துக்கு முன் அந்த விதியை எழுதியதே நான்தான். ஆனால் பொய்க்கணக்கில் ஏஜென்டே கிடையாது. பட்டியல் காலியாக இருந்தது. ஆறாவது படத்துக்கு எனக்கு மூன்று வகையும் ஒரே திரையில் வேண்டியிருந்தது: அனுமதித்தது, கேட்டுவிட்டுச் செய்யச் சொன்னது, மறுத்தது. பச்சை, மஞ்சள், சிவப்பு. பட்டியலை மேலிருந்து கீழே உருட்டிக்கொண்டே போனேன். ஒன்று கண்ணில் பட்டது. மூன்று நிறமும் அழகாக இருந்தது. எடுத்துவிட்டேன். பெயர் மேல் சாம்பல் பட்டை போட்டு மறைத்தேன். விதிப்படி மறைத்தேன்.

அது ரெஜினாவின் பட்டியல்.

ரெஜினா சோதனைப் பிரிவு. கருவி சரியாக ஓடுகிறதா என்று தட்டிப் பார்ப்பவள். தவறு இருந்தால் ஒரு சீட்டுப் போடுவாள், கம்ப்யூட்டரில்தான். யார் சரி செய்ய வேண்டுமோ அவர் பெயருக்கு அது போகும். அவர் பதில் எழுதினால் இவள் சோதித்துப் பார்த்து, சரி என்றால்தான் மூடுவாள். கறார். கருவியைச் செய்தவர்களே அவள் சீட்டைக் கண்டால் பயப்படுவார்கள். ஆறு வருடமாக மதியம் அவளும் நானும் ஒரே மேஜையில்தான் சாப்பிடுகிறோம். என்னை அண்ணா என்பாள். "அண்ணா, தினமும் தக்காளி சாதமா? அண்ணிக்கு வேற ஒண்ணுமே தெரியாதா?" என்பாள். "உங்கண்ணி செஞ்சா இப்படியா இருக்கும்? இது நான் செஞ்சது" என்பேன். அப்படி ஒரு பழக்கம்.

அவள் கணவர் எட்வின் மஸ்கட்டில் இருப்பதாகச் சொல்லியிருந்தாள். எட்டு மாதமாக. மாதம் ஒருமுறை பேரீச்சம்பழம் கொண்டுவருவாள். "அவர் அனுப்பினாருண்ணா, எடுத்துக்கங்க." எல்லா மேஜைக்கும் கொடுப்பாள். எனக்கு மட்டும் தனியாக ஒரு பொட்டலம், வீட்டுக்கு.

பட்டியலில் என்ன இருந்தது தெரியுமா? மதுக்கரைப் பக்கம் குடிநோய் மறுவாழ்வு மையம் ஒன்றிலிருந்து வருகிற மெயிலைப் படிக்கலாம், பச்சை. பார்க்க வரும் நாளை உறுதிசெய்து பதில் அனுப்பலாம், பச்சை. அந்த நாளுக்கு அரைநாள் லீவு எழுதலாம், கேட்டுவிட்டு, மஞ்சள். கடைசி வரி, ஷெரின் பள்ளிக் காலண்டரில் எழுதலாமா? மறுக்கப்பட்டது. சிவப்பு.

ஷெரின் அவள் மகள்.

பெயரை மறைத்தேன் என்றேன் அல்லவா. ரெஜினா பெயரைத்தான் மறைத்தேன். ஷெரின் பெயரை மறைக்கவில்லை. அது ஆள் பெயர் இல்லையே, காலண்டர் பெயர்தானே என்று... இல்லை. அப்படியெல்லாம் நான் அப்போது யோசிக்கவே இல்லை. பிற்பாடு கண்டுபிடித்துக்கொண்ட சமாதானம் அது. கமா ஒன்று இடம் மாறியிருந்தால் எனக்குத் தூக்கம் வராது. அந்த வரி கண்ணில் படாமல் போயிருக்குமா? நீங்களே சொல்லுங்கள்.

கையேடு முதலில் ஆபீசுக்குள் எல்லாருக்கும் போகும், படித்துக் கருத்துச் சொல்ல. வழக்கமாக யாரும் படிக்க மாட்டார்கள். இந்தத் தடவை வசுமதி படித்தாள். அவள் மகளும் ஷெரினும் ஒரே வகுப்பு. மறுநாள் மதியம் எங்கள் மேஜைக்கு வந்து நின்றாள்.

"ஏன் ரெஜி, இந்த மாசம் மஸ்கட்ல இருந்து பழம் வரலியா?"

"வரும் வசு. ஏன்?"

"இல்ல, மஸ்கட் மதுக்கரை பக்கம் வந்துருச்சுன்னு கேள்விப்பட்டேன். அதான், டவுன்பஸ்ல போய்ட்டு வந்தரலாமேன்னு."

பின் மேஜையில் யாரோ சிரித்தார்கள். ரெஜினாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

அன்று சாயந்திரமே வசுமதி வீட்டில் பேசியிருக்கிறாள், அவள் பெண் பள்ளியில் பேசியிருக்கிறது. படத்தையே போனில் காட்டியிருக்கிறது. ஷெரின் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாளாம். ரெஜினாதான் சொன்னாள், ரெஸ்ட் ரூம் பக்கம் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு. "மெஷினுக்குக்கூடச் சொல்லியிருக்க. எனக்கு மட்டும் சிவப்பாம்மா?" அவ்வளவுதான் கேட்டாள். அதோடு பேச்சு நின்றுவிட்டது. சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விடுகிறாள். எதிரே வந்தால் ஒதுங்கி நிற்கிறாள், பஸ்ஸில் தெரியாத ஆளுக்கு வழி விடுகிற மாதிரி.

அப்பா தேறி வந்த பிறகு, அவளுக்குப் பதினைந்து பதினாறு ஆன பிறகு, தானே உட்கார்ந்து சொல்லலாம் என்று இருந்தாள் ரெஜினா. அதற்காகத்தான் அந்தச் சிவப்பு. குழந்தை கண்ணில் தேதி ஏதும் பட்டுவிடக்கூடாதென்று.

ஜன்னலைக் கொஞ்சம் சாத்துகிறீர்களா? நன்றி.

ஹரிஹரன் என்னைக் கூப்பிட்டார். நல்ல பையன். முப்பத்தைந்து வயது, என்னை சார் என்றுதான் கூப்பிடுவார். "சார், அந்த ஆறாவது படம் யார் எடுத்தது?" என்றார். பக்கத்தில் ரெஜினா உட்கார்ந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது.

நான் யோசிக்கவில்லை. சத்தியமாக யோசிக்கவில்லை. வாயில் வந்துவிட்டது. "பக்கம் அடுக்கிற ஏஜென்ட் தானா எடுத்துப் போட்டிருக்குங்க. நான் கவனிக்கல" என்றேன்.

கையேட்டில் எழுத்தை வரிசைப்படுத்த நான் ஒரு ஏஜென்ட் வைத்திருக்கிறேன். அதன் மேல் போட்டுவிட்டேன்.

யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அதுதான் ஆச்சரியம். ஹரிஹரன் தலையில் கை வைத்துக்கொண்டு, "ச்சே, இதுங்கள நம்பவே முடியல" என்றார். மனிதனைச் சொல்லியிருந்தால் விசாரணை, கடிதம், எல்லாம் நடந்திருக்கும். மெஷின் என்றதும் எல்லாரும் வானிலை அறிக்கை கேட்ட மாதிரி தலையாட்டினார்கள். அந்த ஏஜென்டை நிறுத்தினார்கள். படத்தை எடுத்தார்கள். கையேட்டில் ஒரு எச்சரிக்கை சேர்க்கச் சொன்னார்கள். 'ஏஜென்டுகள் தனிப்பட்ட விவரங்களை வெளியிட்டுவிட வாய்ப்புண்டு, கவனம் தேவை.' நான்தான் எழுதினேன். நன்றாக எழுதியிருப்பதாக ஹரிஹரன் சொன்னார்.

ரெஜினா வெளியே வந்து எனக்கு டீ வாங்கிக்கொடுத்தாள். அவள் எனக்கு! "விடுங்கண்ணா. நீங்க என்ன பண்ணுவீங்க. முகமெல்லாம் ஒரு மாதிரி ஆயிருச்சு உங்களுக்கு. சர்க்கரை போட்டுக் குடிங்க" என்றாள். குடித்தேன்.

கோபமா என்கிறீர்களா? அவள் மேல் எனக்கென்ன கோபம்? எட்டு மாதம் பேரீச்சம்பழம் தின்றேன். இங்கே ஒப்பணக்காரத் தெருக் கடையில் வாங்கியதை மஸ்கட் பழம் என்று என் மனைவியிடம் கொடுத்து, "பார், ரெஜினா நமக்குத் தனியா எடுத்து வெச்சிருக்கா" என்றிருக்கிறேன். ஆறு வருடம் ஒரே மேஜை. என் கடன், என் சர்க்கரை வியாதி, எல்லாம் அவளுக்குத் தெரியும். அவள் என்னிடம் சொல்லியிருக்கலாம். நான் யாரிடம் போய்ச் சொல்லப் போகிறேன்... ஆமாம். அதைச் சொல்ல எனக்கு இப்போது வாய் இல்லை. ஆனால் கோபம் இல்லை. கோபம் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பொய்க்கணக்கு காலி என்றேனே. என் கணக்கு காலி இல்லை. பச்சை, மஞ்சள், சிவப்பு மூன்றும் என் பட்டியலிலும் உண்டு. என் பெயரையே மறைத்து எடுத்துப் போட்டிருக்கலாம். ஏன் போடவில்லை?

சத்தியமங்கலத்தில் என் அண்ணன் இருக்கிறார். இரண்டு வருடத்துக்கு முன் வலதுபக்கம் இழுத்துவிட்டது. இடது கையால் தட்டித் தட்டி தினம் காலையில் எனக்கு நாலு வரி மெயில் எழுதுவார். இன்று மழை, இன்று கஞ்சி, இன்று தாங்கிப் பிடிக்காமல் வாசல் வரை நடந்தேன். நான் பதில் எழுதுவதில்லை. ஏஜென்டுக்கு அனுமதி கொடுத்திருக்கிறேன். 'அண்ணனிடமிருந்து வரும் மெயிலைப் படித்துப் பதில் அனுப்பலாம்.' பச்சை. கேட்கக்கூட வேண்டியதில்லை என்று பச்சை. இப்போதெல்லாம் நீ மனசு விட்டு எழுதுகிறாயடா என்று அண்ணன் சந்தோஷப்படுகிறார். அந்த வரி கையேட்டில் வந்தால், பெயரை மறைத்தாலும், எனக்குக் கூசும். அதனால் என்னுடையதை எடுக்கவில்லை. எனக்குக் கூசியது அவளுக்குக் கூசும் என்று ஏன் தோன்றவில்லை? தோன்றியிருக்கும். தோன்றியதை ஒரு பக்கம் தள்ளியிருப்பேன். இன்று அண்ணனைப் பார்க்கத்தான் போகிறேன். எட்டு மாதம் ஆகிறது பார்த்து.

அன்னூர். இறங்குகிறவர்கள் இறங்கட்டும்.

போன திங்கட்கிழமை எனக்கு ஒரு சீட்டு வந்தது. ரெஜினா போட்டது. சோதனைப் பிரிவுச் சீட்டுக்கு ஒரு வடிவம் உண்டு. எங்கே, என்ன கண்டது, என்ன எதிர்பார்த்தது. அப்படியே எழுதியிருந்தாள். இடம்: அனுமதிப் பட்டியல். கண்டது: ஆறாவது படத்தை ஏஜென்ட் எடுத்ததாகக் கையேட்டு எழுத்தர் சொல்கிறார், ஆனால் பட்டியலில் அந்த ஏஜென்டுக்குப் படம் எடுக்கும் அனுமதி ஒருநாளும் கொடுக்கப்படவில்லை. எதிர்பார்த்தது: இரண்டில் ஒன்று மட்டுமே உண்மையாக இருக்க முடியும். பதில் சொல்ல வேண்டியவர்: சென்னியப்பன்.

என் பெயர்தான் அது.

பாருங்கள், அந்தக் கருவி என்ன செய்கிறது என்று ஊருக்கெல்லாம் விளக்கி எழுதியவன் நான். எந்த ஏஜென்டுக்கு எது முடியும், எது முடியாது என்று ஒரு நொடியில் காட்டிவிடும் என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன். பொய் சொல்லும்போது அது எனக்கு ஞாபகம் வரவில்லை. அவளுக்கு வந்திருக்கிறது. எப்போது வந்தது என்று தெரியவில்லை. டீ வாங்கிக்கொடுத்தபோதே தெரியுமா? அதைத்தான் என்னால் யோசிக்கவே முடியவில்லை.

அந்தச் சீட்டை ஆபீசில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கருவியில் தவறு என்று எழுதி மூடிவிட வழி இருந்தது. அப்படி எழுதினால் அதைச் செய்தவர்கள் இல்லாத தவறைத் தேடி இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். வேறு யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். எழுதியும் வைத்தேன், அனுப்பவில்லை. மூன்று நாள் மதியம் கேன்டீன் பக்கமே போகவில்லை. வியாழக்கிழமை அவளே என் மேஜைக்கு வந்தாள்.

"அண்ணா, சீட்டு நிக்குது."

"பாக்கறேன் ரெஜினா."

"அவசரமில்ல. ஆனா மூடாம விடமாட்டேன். உங்களுக்குத் தெரியுமே என்னைப் பத்தி."

குரலில் கோபமே இல்லை. அதுதான். "ஷெரின் எப்படி இருக்கா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. என்னைப் பார்த்தாள். "சாப்பிடறா" என்றாள். "அப்பாவப் பாக்கக் கூட்டிட்டுப் போன்னு பேப்பர்ல எழுதி ஃபிரிட்ஜ் மேல ஒட்டி வெச்சிருக்கா. வாய் திறந்து கேக்கல." போய்விட்டாள்.

அன்றைக்கே பதில் எழுதினேன். 'பட்டியல் சரி. கருவியில் தவறில்லை. படத்தை எடுத்தது நான். தவறுதலாக நடந்தது. மன்னிக்கவும்.' அனுப்பினேன். ஐந்து நிமிடம் எனக்கு உடம்பே லேசாக இருந்தது. ஹரிஹரன் வந்து கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கேட்டார், அது வேறு கதை. திங்கட்கிழமை போய் அவர் முன்னால் உட்கார வேண்டும். வேலை போனாலும் போகும். அதைப் பற்றி எனக்கு அவ்வளவு பயமில்லை. நிஜமாகத்தான் சொல்கிறேன்.

நேற்று ரெஜினா சீட்டைத் திருப்பி அனுப்பிவிட்டாள். மூடவில்லை. ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறாள். 'தவறுதலாக என்பதைச் சரிபார்க்க முடியவில்லை. என்ன செய்தீர்கள் என்று படிப்படியாக எழுதவும்.'

சோதனைப் பிரிவில் எல்லாரையும் அப்படித்தான் கேட்பார்கள். ஒன்று, இதைத் திறந்தேன். இரண்டு, இதைத் தட்டினேன். மூன்று, இப்படி ஆனது. அதே படிகளை அவர்கள் ஒவ்வொன்றாகச் செய்து பார்ப்பார்கள். நீங்கள் சொன்ன மாதிரி வந்தால்தான் நம்புவார்கள். முப்பது வருடமாக நான் எழுதுவதும் அதுதானே. ஒன்று, மூடியைத் திறக்கவும். இரண்டு, ஸ்விட்சைப் போடவும். எனக்கு இது பத்து நிமிட வேலை.

அதைத்தான் காந்திபுரத்திலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் படி எழுதிவிட்டேன். 'நிர்வாகி கணக்கில் நுழைந்தேன்.' இரண்டாவது படியில் உட்கார்ந்திருக்கிறேன். உங்களிடம் என்ன சொன்னேன்? உருட்டிக்கொண்டே போனேன், கண்ணில் பட்டது என்றேன். அதையேதான் இங்கேயும் எழுதினேன். எழுதிவிட்டு, அவள் செய்து பார்ப்பாளே என்று நானே ஒருமுறை செய்து பார்த்தேன்.

அந்தக் கருவியில் உருட்ட முடியாது. பெட்டியில் யாராவது ஒருவர் பெயரைத் தட்டினால்தான் அவர் பட்டியல் வரும். தட்டாவிட்டால் திரை வெறுமையாக இருக்கும். இதுவும் என் கையேட்டில் இருக்கிறது, நாலாம் பக்கம். நான் மூன்று வாரமாக என்னிடமும், இப்போது உங்களிடமும், உருட்டினேன் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

புளியம்பட்டி வரப்போகிறது. நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். கொஞ்சம் நகர்ந்தால் போதும், திறந்துகொள்கிறேன்.

இரண்டாவது படி. 'பெட்டியில் ரெஜினா என்று தட்டினேன்.'